ஆற்றில் போட்டாலும் அளந்து போடு

சீட்டாட்டத்தில் ரொம்ப விலை உயர்ந்த வார்த்தை எது தெரியுமா? ஏஸ் இல்லை, ராஜா இல்லை. 'பார்த்துடலாமே!'

லாஸ் வேகாஸில் பளபளக்கிற ஹோட்டல்களில் பாதிக்கு அஸ்திவாரம் இந்த ஒரு வார்த்தைதான் என்பது என் அபிப்பிராயம். எதிராளி ஒரு பெரிய தொகையை நகர்த்தி வைக்கிறான். நம் கையில் சீட்டு சுமார். போட வேண்டிய பணமோ சுமார் இல்லை. மூளை 'வேண்டாம்' என்கிறது. விரல் கேட்பதில்லை. என்னதான் வெச்சிருக்கான், பார்த்துடலாமே! பார்க்கிறோம். அவன் எதை வைத்திருப்பான் என்று பயந்தோமோ, கரெக்டாக அதையே வைத்திருக்கிறான்.

மூணு சீட்டு ஆடுகிறவர்களுக்கு இந்த வியாதி பழக்கம். அங்கே இதற்கு 'ஷோ' என்று பெயர். போக்கரிலும் அதே வியாதிதான். ஆஸ்பத்திரி பெரிசு, பில்லும் பெரிசு.

இந்த வாரம் அந்தக் கடைசி நிமிஷத்தைப் பற்றி மட்டும் பேசலாம். கடைசிச் சுற்றில் நீங்கள் பணம் கட்டுகிறீர்கள். எதிராளி அதற்கு மேல் ஏற்றுகிறான். போடுவதா, கவிழ்ப்பதா?

ஆட்டம் தெரியாதவர்களுக்காக முதலில் இரண்டே பாரா. தெரிந்தவர்கள் அதற்குள் ஒரு காபி சாப்பிட்டுவிட்டு வரலாம்.

போக்கரில் பல வகை. அதிகம் ஆடப்படுவது 'டெக்ஸாஸ் ஹோல்டெம்'. ஆளுக்கு இரண்டு சீட்டு, கவிழ்த்துத் தருவார்கள். அப்புறம் மேஜை நடுவில் எல்லோருக்கும் பொதுவாக முதலில் மூன்று, பிறகு ஒன்று, பிறகு இன்னும் ஒன்று என்று மொத்தம் ஐந்து சீட்டுகளைத் திறப்பார்கள். உங்கள் இரண்டு, பொது ஐந்து, ஆக ஏழில் சிறந்த ஐந்துதான் உங்கள் கை. சீட்டு விழும் ஒவ்வொரு கட்டத்திலும் பணம் கட்டலாம். ஒருவர் கட்டினால் மற்றவருக்கு மூன்று வழி. அதே தொகையைப் போட்டால் 'கால்'. அதற்கு மேல் ஏற்றினால் 'ரெய்ஸ்'. சீட்டைக் கவிழ்த்துவிட்டு ஒதுங்கினால் 'ஃபோல்ட்'. ரம்மியில் 'ஸ்கூட்' விடுவோமே, அதற்கு இது ஒன்றுவிட்ட அண்ணன். நடுவில் சேருகிற பணக் குவியலுக்குப் பெயர் 'பாட்', அதாவது பானை.

கடைசியாக விழும் ஐந்தாவது சீட்டுக்கு அமெரிக்காக்காரன் வைத்திருக்கும் பெயர் 'ரிவர்'. ஆறு! எத்தனை பேர் சம்பளம் ஆற்றோடு போயிருந்தால் இந்தப் பெயர் நிலைத்திருக்கும்! நம் பாட்டிமார் இதற்கு என்றைக்கோ வழி சொல்லிவிட்டார்கள்: ஆற்றில் போட்டாலும் அளந்து போடு. தலையணை தலையணையாக வரும் போக்கர் புத்தகங்களின் சாரமும் அதுதான். எப்படி அளப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

காபி சாப்பிடப் போனவர்கள் வந்தாச்சா?

முந்தைய சுற்றுகளில் நம்பிக்கைக்கு இடம் உண்டு. 'இன்னொரு சீட்டு வருமே, நல்லதா வரலாமே' என்று சாமியைக் கூப்பிடலாம். ஆறு வந்தபிறகு அதெல்லாம் முடிந்தது. பரீட்சை எழுதி, பேப்பரைக் கட்டிக் கொடுத்தாச்சு. நீங்கள் ஏற்கெனவே ஜெயித்துவிட்டீர்கள், அல்லது தோற்றுவிட்டீர்கள். எது என்று தெரியவில்லை, அவ்வளவுதான். இனிமேல் உங்கள் சீட்டு நல்லதாகவோ கெட்டதாகவோ மாறப் போவதில்லை. அதனால்தான் இந்த இடத்தில் கணக்கு சுத்தமாக இருக்கிறது. கூட்டல், வகுத்தல் போதும்.

முதல் அளவு: விலை

பானையில் 1,000 ரூபாய் இருக்கிறது. நீங்கள் 500 கட்டுகிறீர்கள். அவன் மொத்தம் 1,500 வைத்து ஏற்றுகிறான். நீங்கள் இன்னும் 1,000 போட்டால் சீட்டைப் பார்க்கலாம்.

இப்போது பானையில் எவ்வளவு? பழைய 1,000, உங்கள் 500, அவன் 1,500. ஆக 3,000. அதை ஜெயிக்க நீங்கள் போடுவது 1,000. நாலு தடவை இப்படிப் போட்டால், மூன்று தடவை தோற்று 3,000 விடுவீர்கள், ஒரே ஒரு தடவை ஜெயித்து 3,000 எடுப்பீர்கள். சரிக்குச் சரி. அதாவது நாலில் ஒரு தடவைக்கு மேல் ஜெயிக்கும் கை என்றால் போடலாம். குறைந்தால் கவிழ்க்க வேண்டும். முடிந்தது கணக்கு.

ரெய்ஸ் சின்னதாக இருந்தால் விலை மலிவு. அவன் 1,500-க்குப் பதில் 1,000 மட்டும் வைத்திருந்தால், நீங்கள் 500 போட்டு 2,500 எடுக்கப் பார்க்கிறீர்கள். ஆறில் ஒரு தடவை ஜெயித்தாலே போதும். அவன் 3,000 வைத்துவிட்டால், நீங்கள் 2,500 போட்டு 4,500-க்கு ஆடுகிறீர்கள். இப்போது நூற்றுக்கு 36 தடவையாவது ஜெயிக்க வேண்டும். கத்தரிக்காய் வாங்கும்போது கிலோ என்ன விலை என்று கேட்காமல் வாங்குவோமா? இங்கே மட்டும் கேட்பதில்லை.

"ஸார், ஏற்கெனவே 500 போட்டுட்டேனே... அதை எப்படி விடறது?"

அந்த 500 உங்களுடையது இல்லை ஸார். பானையில் விழுந்த நிமிஷமே அது பானையின் பணம். அதை எடுக்க உங்களுக்கு எவ்வளவு உரிமை உண்டோ, அவ்வளவு உரிமை அவனுக்கும் உண்டு. ஆபீசில் பார்த்திருப்பீர்கள். ஊற்றிக்கொண்ட திட்டத்தை 'இவ்வளவு செலவு பண்ணியாச்சே' என்று மேலும் ஒரு வருஷம் இழுத்துக்கொண்டு போகும் மேலதிகாரி. அவர் போக்கர் ஆடினால் தயவுசெய்து எனக்குச் சொல்லி அனுப்புங்கள்.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிட வேண்டும். பழைய புத்தகங்கள் சிலவற்றில், 'கடைசிச் சுற்றில் சந்தேகம் வந்தால் போட்டுவிடு' என்கிற மாதிரி அறிவுரை இருக்கும். அது தப்பில்லை, வேறு ஆட்டத்துக்குச் சொன்னது. 'லிமிட்' என்கிற வகையில் ஒரு தடவைக்கு இவ்வளவுதான் ஏற்றலாம் என்று உச்சவரம்பு உண்டு. பானையில் பத்துப் பங்கு சேர்ந்திருக்கும், நீங்கள் போட வேண்டியது ஒரே பங்கு. பதினொன்றில் ஒரு தடவை ஜெயித்தாலே ஈடாகிவிடும். அங்கே பார்த்துடலாமே என்பது விவேகம். உச்சவரம்பு இல்லாத 'நோ லிமிட்'டில் அதே வார்த்தை வீட்டு வாடகை.

இரண்டாவது அளவு: ஆள்

எனக்கு ஒரு பாங்க் நண்பர் உண்டு. சனிக்கிழமை சாயங்காலம் நாங்கள் நாலைந்து பேர் புளியங்கொட்டை வைத்து ஆடுவோம். நண்பர் கடன் பிரிவில் இருக்கிறார். ஸ்கூட்டருக்குக் கடன் கேட்டு வருகிறவரிடம் ஆறு மாதச் சம்பளச் சீட்டு, வீட்டு வாடகை ரசீது, ஜாமீனுக்கு ஒரு ஆள், அந்த ஆளுக்கு ஒரு ஜாமீன் என்று கேட்டுக் குடைந்து எடுத்துவிடுவார். அதே மனுஷர், கடைசிச் சுற்றில் எதிராளி கொட்டைகளைக் குவித்து ஏற்றினால் ஒரு கேள்வி கேட்கமாட்டார். அள்ளிப் போடுவார்.

"ஏன் போட்டீங்க?"

"அவர் மூஞ்சியைப் பார்த்தா பொய் மாதிரி தெரிஞ்சது ஸார்."

"போன வாரமும் அப்படித்தான் தெரிஞ்சது."

"புளியங்கொட்டைதானே ஸார்!"

கடன் கேட்பவரை விசாரிப்பது போல ரெய்ஸையும் விசாரிக்க வேண்டும். ப்ளஃப் என்பது நாலு சுற்றில் சொல்லப்படும் ஒரு கதை. லீவ் லெட்டர் மாதிரி. 'பாட்டி இறந்துவிட்டார்' என்பது நம்பும்படியான கதைதான். போன தீபாவளிக்கும் அதே பாட்டி இறந்திருந்தால் ஒட்டாது. அதுபோல, இப்போது ராஜகம்பீரமாக ஏற்றுகிறவன் முதல் சுற்றில் என்ன செய்தான், இரண்டாவதில் என்ன செய்தான், எந்தச் சீட்டு விழுந்தபோது சும்மா இருந்தான் என்று பின்னோக்கிப் போய்ப் பார்க்க வேண்டும். கதை முதலிலிருந்து ஒட்டுகிறதா? ஒட்டினால் பெரும்பாலும் நிஜம்.

இன்னொரு கேள்வியும் உண்டு. இந்த வழியில் இங்கே வந்து சேரக்கூடிய சொத்தை சீட்டு அவனிடம் ஏதாவது இருக்க முடியுமா? ஜான் வான் நியூமன் என்ற கணித மேதை 1928-லேயே இந்த மாதிரி ஆட்டங்களைப் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினார். 1944-ல் மார்கன்ஸ்டர்ன் என்ற பொருளாதார நிபுணருடன் சேர்ந்து அவர் எழுதிய தடிமனான புத்தகத்தில் போக்கருக்குத் தனிப் பகுதியே உண்டு. அவர் கணக்குப் போட்டுக் காட்டியது இது: பெரிய தொகை கட்ட வேண்டியது மிக நல்ல சீட்டிலும், மிக மோசமான சீட்டிலும். நடுத்தரமான சீட்டில் சும்மா இருக்க வேண்டும். நடுத்தர வர்க்கத்துக்கு எங்கேயும் அதே விதி!

காரணம் எளிது. சுமாரான சீட்டு காட்டும்போதே சில சமயம் ஜெயிக்கும். அதை வைத்துப் பொய் சொல்லி மாட்டிக்கொள்வது வீண். காட்டினால் ஒன்றுமே தேறாத சீட்டுக்குத்தான் பொய் ஒன்றே வழி. ஆகவே, எதிராளியிடம் 'வரும் வரும் என்று காத்திருந்து வராமல் போன' சீட்டுகள் இருக்க முடியுமா என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். நிஜமாகவே எண்ண வேண்டும். விரல் விட்டு.

எண்ணலாம் வாருங்கள். முதல் மூன்று பொதுச் சீட்டு: ஹார்ட்டின் ராஜா, ஹார்ட்டின் ஒன்பது, க்ளாவர் நாலு. அடுத்து இஸ்பேட் இரண்டு. ஆற்றில் விழுந்தது ஹார்ட்டின் ஏழு. உங்கள் கையில் இஸ்பேட் ராஜாவும் இஸ்பேட் ராணியும். ராஜா ஜோடி சேர்ந்த உற்சாகத்தில் 500 கட்டுகிறீர்கள். அவன் 1,500 வைக்கிறான்.

ஒரே சின்னத்தில் ஐந்து சீட்டு சேர்ந்தால் 'ப்ளஷ்'. மூணு சீட்டுக்காரர்கள் 'கலர்' என்பார்கள். பொதுவில் மூன்று ஹார்ட்டின் கிடக்கிறது. மிச்சம் பத்து ஹார்ட்டின் சீட்டுகள். பத்திலிருந்து இரண்டு எடுக்க 45 வழி. எல்லாவற்றையும் அவன் கடைசி வரை தூக்கிக்கொண்டு வந்திருக்கமாட்டான். ஹார்ட்டின் மூன்றும் எட்டும் வந்தால் ஆரம்பத்திலேயே கவிழ்த்திருப்பான். பாதிக்கும் கொஞ்சம் குறைவாக, 21 என்று வைத்துக்கொள்வோம்.

21 நிஜத்துக்கு எத்தனை பொய் இருந்தால் உங்கள் 1,000 ஈடாகும்? நாலில் ஒன்று என்றோம். ஆக, 7 பொய் வேண்டும்.

அந்த ஏழு எங்கே இருக்கிறது? ஜாக்கி-பத்து வைத்திருந்து, ஒரு ராணி வந்தால் வரிசை சேரும் என்று காத்திருந்தவன் ஏமாந்திருப்பான். ஜாக்கி நாலு, பத்து நாலு, ஆக 16 ஜோடி. அதில் இரண்டும் ஹார்ட்டினாக இருப்பது நிஜமான ப்ளஷ், அதைக் கழித்தால் 15. பார்த்தீர்களா, ஏழுக்கு மேலேயே இருக்கிறது, போட்டுடலாம் என்று கை நீளுகிறதல்லவா? பொறுங்கள். இந்தப் பதினைந்தும் கையில் வரலாம்தான். அதை வைத்துக்கொண்டு, ஏற்கெனவே பணம் கட்டித் தெம்பாக உட்கார்ந்திருக்கிற உங்கள் மேல், 1,500 தூக்கி வைக்கிற தைரியம் எத்தனை தடவை வரும்?

கெட்டிக்கார ஆட்டக்காரன் பாதித் தடவை செய்வான். அவனிடம் உங்கள் 1,000 ஏறக்குறைய ஈடாகும். சனிக்கிழமை சாயங்கால மாமா? கவிழ்த்துவிட்டு போண்டா எடுக்கப் போய்விடுவார். எதிராளி சும்மா இருக்கும்போது ஒரு சின்னப் பொய் சொல்லிப் பார்க்க எல்லோருக்கும் ஆசை வரும். கட்டிய ஆள் மேலேயே ஏற்றிப் பொய் சொல்ல நெஞ்சுரம் வேண்டும். அதனால்தான் சின்னப் பந்தய மேஜைகளில் ஆற்றில் வரும் ரெய்ஸ் பெரும்பாலும் நிஜம் என்பது இந்த ஆட்டத்தில் பழம் தின்று கொட்டை போட்டவர்களின் பழைய பாடம்.

பத்தில் ஒன்றுதான் பொய் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்துத் தடவை போட்டால் ஒன்பது தடவை 1,000 வீதம் 9,000 போச்சு. ஒரு தடவை 3,000 வந்தது. நிகரம், 6,000 நஷ்டம். ஆனால் ஊருக்கெல்லாம் சொல்வது அந்த ஒரு தடவையைத்தான். 'அன்னிக்கு எப்படிப் பிடிச்சேன் பார்த்தியா!' மிச்சம் ஒன்பது தடவை நம் பெண்டாட்டிக்குக்கூடத் தெரியாது.

"அப்படின்னா எப்பவும் கவிழ்த்துடலாமா ஸார்?"

அதுவும் ஆகாது. அவன் பக்கக் கணக்கைப் பாருங்கள். பானையில் உங்கள் 500-ஐயும் சேர்த்து 1,500 இருக்கிறது. அதற்காக அவன் 1,500 வைக்கிறான். இரண்டு தடவைக்கு ஒரு தடவைக்கு மேல் நீங்கள் பயந்து ஒதுங்கினால், அவன் சீட்டையே பார்க்காமல் ஏற்றிக்கொண்டிருக்கலாம். ஆகவே, விவரமான ஆளிடம் நீங்கள் கட்டிய கைகளில் நல்ல பாதியையாவது விடாமல் பிடிக்க வேண்டும். யாரிடம் எந்தக் கணக்கு என்பதுதான் திறமை.

மூன்றாவது அளவு: உங்கள் கை

இதைக் கேட்டால் சிலர் சண்டைக்கு வருவார்கள். மேலே சொன்ன உதாரணத்தில் ராஜா-ராணியும் ராஜா-எட்டும் ஏறக்குறைய ஒன்றுதான்!

"அதெப்படி? ராணி பெரிசில்லையா?"

யோசியுங்கள். அவனிடம் ப்ளஷ் இருந்தால் இரண்டுமே தோற்கும். வெறும் ஜாக்கி-பத்து இருந்தால் இரண்டுமே ஜெயிக்கும். ராணிக்கு வேலையே இல்லை. இந்த மாதிரிக் கைக்கு 'ப்ளஃப் கேட்சர்' என்று பெயர். பொய்யைப் பிடிக்க மட்டும் உதவும் தூண்டில். தூண்டிலில் தங்க முலாம் பூசினால் மீன் அதிகம் கிடைக்காது.

இன்னும் வேடிக்கை, இங்கே ராணி ஒரு சின்ன இடைஞ்சல்கூட. ராணி-ஜாக்கி வைத்து ஏமாந்தவனும் பொய் சொல்லக்கூடியவன்தானே? நாலு ராணி, நாலு ஜாக்கி, 16 ஜோடி. ஒரு ராணி உங்கள் கையில் இருந்தால் 12 ஜோடிதான் மிச்சம். அவன் பொய் சொல்ல வைத்திருக்கும் சீட்டை நீங்களே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

இதே தர்க்கம் ஹார்ட்டின் ஏஸுக்கும். அது உங்களிடம் இருந்தால் அவனுக்கு ஒன்பது ஹார்ட்டின்தான் மிச்சம். ப்ளஷ் வழிகள் 45-லிருந்து 36 ஆகிவிடும். நல்லதுதான். ஆனால் ஒற்றை ஹார்ட்டின் ஏஸை மட்டும் வைத்துக்கொண்டு 'பெரிய ப்ளஷ் என்னிடம்' என்று புருடா விடுவது கெட்டிக்காரர்களுக்குப் பிடித்த வித்தை. அந்தப் புருடாவும் இப்போது அவனால் விட முடியாது. அந்த ஏஸ் இரண்டு பக்கமும் வெட்டும் கத்தி. எதிராளி எந்த ரகம் என்று தெரிந்தால்தான் எந்தப் பக்கம் கூர் என்று தெரியும்.

தெரியாமல் போவதன் வலி

கணக்கு இவ்வளவுதான். ஆறாம் வகுப்பு. பிறகு ஏன் மனுஷன் போடுகிறான்?

ஏனென்றால் கவிழ்த்துவிட்டால், அவன் சீட்டைக் காட்ட வேண்டிய அவசியம் இல்லை. சிரித்துக்கொண்டே பானையை இழுத்துக்கொள்வான். ராத்திரி படுத்தால், 'ஏமாத்திட்டானோ? என்னைப் பார்த்தால் இளிச்சவாயன் மாதிரி இருக்கோ?' என்று ஃபேன் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இந்தத் 'தெரியாது' நம்மால் தாங்க முடியாத ஒன்று. அதைத் தெரிந்துகொள்ளத்தான் 1,000 ரூபாய் கொடுக்கிறோம். அதற்கு 'கால்' என்று பெயர் வைத்துக்கொள்கிறோம்.

2003-ல் லாஸ் வேகாஸில் உலகத் தொடரின் முக்கியப் போட்டி. ஆளுக்கு 10,000 டாலர் கட்டணம், 839 பேர். கடைசியில் மிஞ்சியவர்கள் இரண்டு பேர். ஒருவர் சாம் ஃபார்ஹா, பழம் பெரும் தொழில்முறை ஆட்டக்காரர், வாயில் பற்றவைக்காத சிகரெட். இன்னொருவர் டென்னஸி மாநிலத்தைச் சேர்ந்த கணக்காளர். நம்மைப் போல ஆபீஸ் போகிறவர். இணையத்தில் 86 டாலர் கட்டி ஆடிய தகுதிப் போட்டியில் ஜெயித்து உள்ளே வந்தவர். பெயர் கிறிஸ் மனிமேக்கர். நிஜப் பெயர்தான், சத்தியமாக!

பொதுச் சீட்டுகள்: இஸ்பேட் ஒன்பது, டைமன் இரண்டு, இஸ்பேட் ஆறு, இஸ்பேட் எட்டு, ஆற்றில் ஹார்ட்டின் மூன்று. ஃபார்ஹாவிடம் ஒன்பது ஜோடி. மனிமேக்கரிடம் இஸ்பேட் ராஜாவும் ஒரு ஏழும். ப்ளஷும் வரவில்லை, வரிசையும் வரவில்லை. காட்டினால் பூஜ்யம். நாலாவது சீட்டில் ஃபார்ஹா கட்டியபோது ஏற்றியிருந்தார். ஆறு விழுந்ததும் தன் முன்னால் இருந்த அத்தனையையும் நகர்த்தினார். ஃபார்ஹா ரொம்ப நேரம் பார்த்தார். 'ப்ளஷ் தவறிப் போச்சா?' என்று வாய்விட்டே கேட்டார். எதிரே கல் மாதிரி ஒரு முகம். கடைசியில் கவிழ்த்தார். மனிமேக்கர் தொடரை ஜெயித்து 25 லட்சம் டாலர் எடுத்துக்கொண்டு போனார். ஒரு கணக்காளருக்கே முடிகிறது என்று தெரிந்ததும், 839 பேர் ஆடிய போட்டியில் மறு வருஷம் 2,576 பேர். 2006-ல் 8,773 பேர்.

சீட்டைக் காட்டும் குட்டி காமிரா இருந்ததால் டி.வி.யில் பார்த்தவர்களுக்கெல்லாம் ஃபார்ஹா ஏமாந்தது தெரிந்தது. அவரை முட்டாள் என்று நான் சொல்லமாட்டேன். நாலாவது சீட்டிலிருந்தே ஒட்டுகிற கதை, ஒரு ஜோடி தவிர வேறொன்றும் இல்லாத கை, மொத்தப் பணத்துக்கும் விலை. இந்த மூன்றையும் அளந்து கவிழ்த்தவனுக்கு எப்போதாவது ஒரு தடவை பொய் தப்பித்துத்தான் போகும். தப்பிக்கிற பொய் ஒன்றுகூட இல்லை என்றால், நிஜத்துக்கு எவ்வளவு பணம் அழுதிருக்கிறோம் என்று கணக்குப் பார்க்க வேண்டும்.

இந்த வலி இல்லாத ஆட்டக்காரர் ஒருவர் உண்டு. பெயர் லிப்ராட்டஸ். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் செய்த கம்ப்யூட்டர் புரோகிராம். 2017 ஜனவரியில் பிட்ஸ்பர்க் நகரத்து ரிவர்ஸ் காசினோவில் (பெயர் பொருத்தத்தைப் பாருங்கள்!) நாலு தொழில்முறை ஆட்டக்காரர்களுடன் 20 நாளில் 1,20,000 ஆட்டம் ஆடி, 17 லட்சம் டாலருக்கும் மேற்பட்ட மதிப்புள்ள சில்லுகளை ஜெயித்தது. அதற்கு முகம் பார்க்கத் தெரியாது. எதிராளி என்ன வைத்திருந்தான் என்ற ஏக்கமும் கிடையாது. விலை என்ன, அவனிடம் என்னென்ன இருக்கலாம், கையில் என்ன இருக்கிறது... அந்த மூன்று அளவுதான். கவிழ்த்துவிட்டு அடுத்த ஆட்டத்துக்குப் போய்விடும். ஃபேனைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்காது.

நாம் ஃபேனைப் பார்க்கும் ஜாதி. அதனால்தான் ஜாக்கிரதை வேண்டும். 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியும் போக்கரும் திறமைக்கான ஆட்டங்கள் என்று சொல்லி, தமிழக அரசின் தடைப் பட்டியலிலிருந்து அவற்றை விலக்கியது. 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமோ, திறமையோ அதிர்ஷ்டமோ, ஆன்லைனில் காசு வைத்து ஆடும் ஆட்டங்களையே தடை செய்தது. திறமை ஆட்டம் என்பது எனக்கும் சம்மதம்தான். ஆனால், ராத்திரி இரண்டு மணிக்கு, 'விட்டதைப் பிடிச்சுடலாம்' என்று செல்போனை வெறிக்கிறவனிடம் அந்தத் திறமை மிச்சம் இருப்பதில்லை. சம்பளம் போய், கடன் வாங்கியதும் போய், உயிரையும் விட்டவர்களின் செய்தியை நம் பேப்பர்களில் நிறையவே படித்தாகிவிட்டது. பானையில் விழுந்த 500-ஐத் தன்னுடையது என்று நினைத்த அதே நினைப்புதான் அங்கேயும். தொகைக்குப் பின்னால் சில பூஜ்யங்கள் கூட, அவ்வளவுதான்.

ஆகவே, புளியங்கொட்டை உத்தமம். கணக்கு ஒன்றுதான், மளிகைக் கடைக்காரர் வேண்டுமானால் சந்தேகமாகப் பார்ப்பார். பக்கத்தில் ஒரு பழைய நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். கடைசிச் சுற்றில் யார் ஏற்றினார், எவ்வளவு, நீங்கள் போட்டீர்களா, அவர் காட்டியது என்ன என்று நாலு கட்டம் போட்டு எழுதி வாருங்கள். ஆறு மாதத்தில் உங்கள் நண்பர்களில் யார் அரிச்சந்திரன், யார் அண்டப்புளுகன் என்று ஆதாரத்தோடு தெரிந்துவிடும். பாங்க் நண்பருக்கு நான் சொன்ன யோசனையும் இதுதான். நோட்டு வாங்கிவிட்டார். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி மட்டும் இருக்கிறது.

அடுத்த தடவை யாராவது ஆற்றில் ஏற்றினால் அவசரமே வேண்டாம். என்ன விலை? யார் ஆள்? என் கை எதை ஜெயிக்கும்? மூன்றுக்கும் பதில் வந்த பிறகு கையைக் காசு பக்கம் கொண்டு போனால் போதும். அதற்குள் காபி ஆறிவிடும்.

ஆறட்டும் ஸார். இன்னொரு காபிக்கு ரொம்பச் செலவாகாது.